பதினொரு மணி மழை

செவல்பொட்டலில் அந்தச் சித்திரை ஏழாம் தேதி, பகல் பதினொரு மணி ஐந்து நிமிஷத்துக்கு, மூன்று கூரைகளின் மேல் மட்டும் மழை பெய்தது. ரேஷன் கடை மேல் ஒன்று, மூடிக்கிடந்த சினிமா கொட்டகை மேல் ஒன்று, கீழத்தெரு வேலுத்தாயின் ஓட்டு வீட்டின் மேல் ஒன்று. நாலு நிமிஷம் கொட்டிவிட்டு நின்றுவிட்டது. மூன்று வருஷமாக ஒழுங்கான மழை காணாத ஊருக்கு, அது ஏன் மூன்றே கூரையில் பெய்கிறது என்று கேட்கிற தெம்பெல்லாம் எங்கே இருக்கும்? வேலுத்தாய் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள், பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள், மழை நிற்பதற்குள் வரிசை நின்றுவிட்டது.

அதே நேரத்தில் ஊரின் மேற்கோரத்தில், மழைக் கணிப்பு நிலையம் என்று போர்டு தொங்கிய கட்டடத்துக்குள், எஸ்தர் கனகமணி கம்ப்யூட்டர் முன்னால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழையே பெய்யாத ஊரில் மழைக் கணிப்பு நிலையம் எதற்கு என்று கேட்கப்படாது. இடம் சும்மா கிடைத்தது, கட்டிவிட்டார்கள். அதற்குள் ஒரு புது மிஷின் வந்து இறங்கியிருந்தது. அதில் ஜிபியு அட்டை. ஒரு பெரிய கணக்கை ஆயிரம் துண்டாக்கி ஆயிரம் கைகளால் ஒரே நேரத்தில் போட்டு முடிக்கிற அட்டை அது. அந்தக் கைகளுக்குக் கூட்டவும் பெருக்கவும் சொல்லிக்கொடுக்கிற லைப்ரரி ஒன்று உண்டு. அதை மிஷினில் ஏற்றி, ஏற்றியது சரியா என்று அதோடு வந்த டெஸ்டுகளை ஓட்டிப் பார்த்து, எல்லாம் பாஸ் என்று ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். மூன்று வார வேலை என்று சொல்லித்தான் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து எஸ்தரை அனுப்பினார்கள். மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு டெஸ்ட். மூன்று ஃபெயில்.

“மூணுதானேம்மா” என்றார் தலைமை அலுவலக இயக்குநர் போனில். “உங்க டிரான்ஸ்ஃபர் ஆர்டர் டைப் அடிச்சு என் மேஜை மேலயே இருக்கு. எல்லாம் பாஸ்னு ரிப்போர்ட் வரட்டும், அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்.”

தாம்பரத்தில் எஸ்தருக்கு ஒரு வீடும், வீட்டில் ஒரு கணவனும், லிடியா என்று எட்டு வயது மகளும் இருந்தார்கள். செவல்பொட்டலில் இருந்து அங்கே போக இரண்டு பஸ் மாறி பத்து மணி நேரம் ஆகும். அவள் மாதத்துக்கு ஒரு தடவை போனாள், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை.

மழைக்கும் மிஷினுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்டுபிடித்தவர் நிலையத்தின் அட்டெண்டர் சண்முகக்கனி. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. மேடம் டெஸ்ட் ஓட்டுகிற அன்று மழை வருகிறது, கரண்ட் போய் மேடம் சும்மா உட்கார்ந்திருக்கிற அன்று வருவதில்லை. மூன்று ஃபெயில், மூன்று கூரை. டீக்கடையில் இதைச் சொன்னார், கேட்டவர்கள் சரி என்றார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மழை. இரண்டாம் தடவை ஓட்டினால் டெஸ்ட் ஃபெயிலாகும், வானம் கண்டுகொள்ளாது. பத்தே நாளில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. கீழத்தெருவில் வற்றல் போட்டவர்கள் பத்தே முக்காலுக்கு எடுத்துவிட்டு பதினொன்று இருபதுக்குத் திரும்பக் காயப்போட்டார்கள், பள்ளிக்கூடத்தில் தண்ணீர் மணியைப் பதினொன்றேகாலுக்கு மாற்றினார்கள், சண்முகக்கனி காலையில் நிலையத்துக்குச் சைக்கிளில் போகும்போது பெண்கள் அவரை நிறுத்தி “இன்னைக்கு டீச்சருக்கு ஒடம்பு சொகமா இருக்கில்ல, ஓட்டிருவாகள்ல” என்று விசாரித்தார்கள். படித்த பொம்பளை யாராக இருந்தாலும் அந்த ஊரில் டீச்சர்தான்.

தண்ணீர் விஷயத்தில் செவல்பொட்டலுக்கென்று ஒரு சட்டம் உண்டு, அதை யாரும் எழுதி வைக்கவில்லை, மீறியதும் இல்லை. வரிசையில் வைத்த குடம் ஆளுக்குச் சமம். உடையவள் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது, தாண்டிப் போய்ப் பிடிக்கவும் கூடாது. குடத்தைக் கவிழ்த்து வைத்தால் என் முறையை விட்டுக்கொடுத்தேன் என்று அர்த்தம், அதையும் உடையவள் கையால்தான் செய்ய வேண்டும். தண்ணீர் எந்த வீட்டு வாசலில் வருகிறதோ அந்த வீட்டுக்காரி எல்லாருக்கும் கடைசியில்தான் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் இருக்கிறது என்று அவள் ஊரையே விலைக்கு வாங்கிவிடுவாளாம். இரண்டாம் வாரமே பெண்கள் நிலையத்துக்கு வந்து ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை எஸ்தர் கையில் கொடுத்து, அவளை நடத்திக் கூட்டிக்கொண்டு போய், அவள் கையாலேயே வரிசையில் வைக்கச் சொன்னார்கள். அவள் தங்கியிருந்த குவார்ட்டர்ஸுக்கும் தண்ணீர் வேண்டும்தானே. அன்றிலிருந்து எஸ்தர் பதினொரு மணிக்கு டெஸ்டை ஓட்டிவிட்டு, எது ஃபெயில் என்று பார்த்துவிட்டு, தன் ஃபெயிலுக்குத் தானே குடம் பிடிக்கப் போனாள்.

பழுது பார்க்கிற வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. அதில் கதையாகச் சொல்ல ஒன்றுமில்லை, அலுப்புதான். அட்டையை மிஷினோடு பேசவைக்கிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர், லைப்ரரி எதிர்பார்த்த டிரைவர் ஒரு வெர்ஷன், மிஷினில் இருந்தது வேறொரு வெர்ஷன். மாற்றினாள், ரேஷன் கடை மழை நின்றது. இரண்டு பழைய ஃபைல்கள் ஒளிந்துகிடந்து புதியவற்றுக்கு முன்னால் போய் நின்றன. தேடி அழித்தாள், சினிமா கொட்டகை மழை நின்றது. அந்த வரிசைகளில் இருந்த குடங்களும் கீழத்தெருவுக்கு வந்தன. ஆடி மாதத்தில் ஒரு நாள், எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுகிறேன் என்று ஏற்றி, வேறு அட்டைக்கான பாகத்தை இதில் ஏற்றிவிட்டாள். எழுநூற்று நாற்பது டெஸ்ட் ஃபெயில். ஊர் முழுக்க இருபது நிமிஷம் மழை, ஊருணியில் முழங்கால் அளவு தண்ணீர். மறுநாள் வார்டு மெம்பர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, “அதே தப்பை மாசத்துக்கு ஒருக்கா செஞ்சு குடுத்தா போதும் டீச்சர், ஊரே ஒங்களைக் கும்பிடும்” என்றார். ஆனால் அந்த இருபது நிமிஷத்தில் அட்டை கொதித்து, அதன் விசிறி எரிந்து, புது விசிறி சென்னையிலிருந்து வருவதற்குள் ஊர் பதினாறு நாள் ஒரு சொட்டும் இல்லாமல் கிடந்தது. மெம்பர் மறுபடி கேட்கவில்லை.

மிச்சம் ஒரு டெஸ்ட். ஆயிரத்து நூற்று எண்பத்தேழாவது டெஸ்ட், வேலுத்தாய் வீட்டு டெஸ்ட். ஒரு லட்சம் எண்களைக் கூட்டினால் இன்ன விடை வர வேண்டும் என்று கேட்கிற சின்ன டெஸ்ட் அது. விடை வரும், கடைசி இலக்கத்தில் துளி குறையும், தினம் ஒரு மாதிரி குறையும். எஸ்தர் ஆவணியில் ஓட்டினாள், ஒன்று ஃபெயில். புரட்டாசியில் ஓட்டினாள், ஒன்று ஃபெயில். ஐப்பசி மேகம் வழக்கம்போல் ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போனது, எஸ்தர் ஓட்டினாள், ஒன்று ஃபெயில். கார்த்திகையில் வீடியோ காலில் லிடியா வந்தபோது அவள் தலைமுடி காதுக்கு மேலே நின்றது.

“அப்பாவுக்குப் பின்னத் தெரியலம்மா. அதான் வெட்டிட்டோம்” என்றாள் லிடியா. “உனக்கு இன்னும் அந்த ஒண்ணு முடியலையா?”

“முடியலடா தங்கம்.”

“நீ நல்லாப் படிச்சவதானே?”

போனை வைத்துவிட்டு எஸ்தர் அழுதாள். வாய்விட்டே அழுதாள், மிஷினின் விசிறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று. வாசலில் சண்முகக்கனிக்குக் கேட்டது. அவர் டீ வாங்கப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டார்.

தை மாதம் வேலுத்தாய் நிலையத்துக்கு வந்தாள். ஐம்பது வயசு, ஒண்டிக்கட்டை, சுருக்கென்று பேசுகிறவள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, ஏசிக் குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“டீச்சர், மழை வேணாம்னு நான் சொல்லல. சொன்னா ஊரு என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிரும். ஆனா என் சொவரு மண்சொவரு. ஒம்பது மாசமா தினம் நனையுது. ஊரு கூடித் தார்ப்பாய் கட்டிவிட்டாக, அதையும் மீறி ஊறுது. எனக்கு முறை கடைசி, பாதி நாள் என் அண்டாவுக்கு வர்றதுக்குள்ள மழை நின்னுருது. நனையிறது நானு, குடிக்கிறது ஊரு. அதைக் கொஞ்சம் ஊருணிப் பக்கமா தள்ளிப் போட்டா என்ன?”

“தள்ளிப் போடத் தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன் வேலுத்தாய்” என்றாள் எஸ்தர். அவளுக்கு அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆயிரம் கைகள் இருக்கின்றன என்றாள், ஆளுக்குக் கொஞ்சம் எண்களை எடுத்துக்கொண்டு வந்து ஒரே இடத்தில் கொட்டிக் கூட்டுகின்றன என்றாள், கொண்டுவருவதெல்லாம் சரி, கூட்டுவதும் சரி, ஆனால் விடை மட்டும் துளி குறைகிறது என்றாள்.

வேலுத்தாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “முறை வச்சு ஊத்துறாகளா, ஒரேடியாவா?” என்றாள்.

“ஒரேடியாத்தான். யாரு முந்துறாங்களோ அவங்க. அந்த வேகத்துக்குத்தானே இந்த மிஷினே.”

“அப்பறம் சிந்தாம என்ன செய்யும்?” வேலுத்தாய் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். “ஆயிரம் பேரு ஒரு அண்டாவுல ஒரேடியா குடத்தைக் கவுத்தா ஒரு கை தண்ணியாச்சும் வெளியே போகத்தான் செய்யும். போனதுதான் என் கூரையில விழுது. முறை வைங்க டீச்சர், முறை வச்சா சிந்தாது.”

எஸ்தருக்கு இது தெரியாத விஷயமில்லை. கூட்டுகிற வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும் என்று கல்லூரியிலேயே படித்தவள்தான். லைப்ரரி எழுதியவர்கள் அதையெல்லாம் யோசித்திருப்பார்கள் என்று நம்பி, ஒன்பது மாதமாக வேறு எல்லா இடத்திலும் தேடியிருந்தாள். சோர்வு வந்தால் இப்படித்தான், கண்ணுக்கு எதிரே இருப்பதைக் கை தொடாது. செவ்வாய்க்கிழமை அவள் ஆயிரம் கைகளுக்கும் நம்பர் போட்டாள், முதல் கை ஊற்றிவிட்டு விலகிய பிறகே இரண்டாம் கை என்று வரிசை வைத்தாள், பதினொரு மணிக்கு ஓட்டினாள். வேகம் பாதியாகக் குறைந்தது. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறும் பாஸ்.

அவள் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். பிறகு வெளியே வந்தாள். வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. கீழத்தெருவில் அறுபது எழுபது பெண்கள் குடங்களுக்குப் பக்கத்தில் நின்று வேலுத்தாய் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றே முக்கால் வரை நின்றுவிட்டு, கரண்ட் போயிருக்கும் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, குடங்களை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை எஸ்தர் வரிசையை எடுத்துவிட்டாள். ஒன்று ஃபெயில். மழை பெய்தது. சென்னைக்கு, ஒரு டெஸ்ட் பாக்கி என்று எழுதினாள்.

அப்படியே பத்து நாள் போனது. இடையில் ஒரு தந்திரமும் செய்து பார்த்தாள். இந்த ஒரு டெஸ்ட் ஃபெயிலாகும் என்று எங்களுக்கு முன்பே தெரியும், அதைக் குறையாக எண்ண வேண்டாம் என்று டெஸ்டின் தலையிலேயே எழுதி வைக்க வழி உண்டு. எழுதினால் ரிப்போர்ட் சுத்தமாகப் போகும், அவளும் தாம்பரம் போகலாம், மழையும் பெய்யும். எழுதி ஓட்டினாள். ரிப்போர்ட் சுத்தமாக வந்தது, மழை வரவில்லை. தெரிந்தே தோற்பதை வானம் தோல்வி என்று ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் அதையும் அழித்தாள். ஒன்று ஃபெயில், மழை, குடம், ஒரு டெஸ்ட் பாக்கி. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, இந்தப் பக்கம் அறுபது குடம், நடுவில் அவள் கை ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாராவது வந்து ஏதாவது ஒன்றைச் செய்யச் சொல்லித் திட்டினால் தேவலை என்று இருந்தது.

ஊர்க்காரர்கள் முட்டாள்கள் இல்லை. இரண்டு தடவை மழை நின்று, இரண்டு தடவையும் மறுநாளே வந்தால் என்ன அர்த்தம்? அந்த இரண்டு நாளும் கரண்ட் போகவே இல்லை என்று சண்முகக்கனி சொல்லிவிட்டார். மேடம் போனில் பேசுவதையும், பேசிவிட்டு அழுவதையும், பிள்ளைக்கு முடி வெட்டியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அவர் எஸ்தரின் அறைக்கு வந்து, “மேடம், கொஞ்சம் வெளியே வாங்க” என்றார்.

வேலுத்தாய் வாசலில் தொடங்கி நிலையத்தின் கேட் வரைக்கும் குடங்கள் நின்றன. எவர்சில்வர், பித்தளை, நீலம், சிவப்பு, ஆரஞ்சு, மூக்கு உடைந்தது, அடி ஒட்டுப் போட்டது. எல்லாக் குடமும் கவிழ்ந்திருந்தது. நடுவில் எஸ்தரின் பச்சைக் குடம் மட்டும் வாய் மேலே பார்த்து நின்றது. பெண்கள் வேலி ஓரமாக நின்றார்கள். யார் முகத்திலும் பெரிய தியாகம் எதுவும் இல்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

“இது என்ன?” என்றாள் எஸ்தர்.

வேலுத்தாய்தான் பேசினாள். “ஒங்க முறை எப்பவோ வந்துருச்சு டீச்சர். வந்த முறையை நீங்க எடுக்காம நிக்கிறீக. முறை வந்தவளை மறிச்சு நிறுத்திக்கிட்டு நாங்க தண்ணி புடிச்சா, அந்தத் தண்ணி எங்களுக்கு எறங்குமா? போயி ஓட்டுங்க.”

“தண்ணிக்கு என்ன செய்வீங்க?”

“நீங்க வர்றதுக்கு முந்தி என்ன செஞ்சோமோ அது. பஞ்சாயத்து லாரி எட்டு நாளைக்கு ஒருக்கா வரும். வராட்டி மறியல் பண்ணுவோம். அதெல்லாம் எங்க பாடு.” பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “என் சொவரும் காயட்டும்” என்றாள்.

எஸ்தர் உள்ளே போனாள். ஆயிரம் கைகளையும் வரிசையில் நிறுத்தினாள். பதினொரு மணிக்கு ஓட்டினாள், எல்லாம் பாஸ், ரிப்போர்ட்டை அனுப்பினாள், சாயங்காலத்துக்குள் ஆர்டர் வந்துவிட்டது. அவள் குடத்தை எடுக்கப் போனபோது பெண்கள் எடுக்க விடவில்லை. போகிறவள் வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, இருக்கட்டும் என்றார்கள்.

அங்கேதான் செவல்பொட்டல் தப்புக் கணக்குப் போட்டுவிட்டது.

தாம்பரத்துக்குப் போய் எட்டாம் நாள், எஸ்தர் லிடியாவின் குட்டை முடியில் எப்படியாவது ஒரு பின்னல் போட்டுவிடலாம் என்று சீப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சண்முகக்கனி.

“மேடம், லாரி வந்து நின்னுச்சு. வரிசையில உங்க குடம்தான் மொதல்ல நிக்குது. மத்தவங்க எல்லாரும் அன்னைக்கே கவுத்துட்டாங்கல்ல, இப்ப புதுசா உங்களுக்குப் பின்னாடிதான் வச்சிருக்காங்க. உங்க குடத்தைத் தொட ஆள் இல்ல, தாண்டிப் புடிக்கவும் ஆள் இல்ல. லாரிக்காரன் ஒரு மணி நேரம் ஹாரன் அடிச்சுப் பாத்துட்டு, என்ன ஊருய்யா இதுன்னு தண்ணியோட திரும்பிட்டான். நாளைக்கு மத்தியானம் ஒரு தடவை வருவான், அப்பவும் புடிக்கலன்னா இனி வரமாட்டேன்னு சொல்லிட்டான்.”

“என் குடத்தை யாராவது கவுத்து வையுங்க. நான் சொல்றேன், எனக்குச் சம்மதம்.”

“உங்க கையாலதான் செய்யணும் மேடம்” என்றார் சண்முகக்கனி, வருத்தத்தோடு.

எஸ்தர் சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து பையை எடுத்தாள். இந்தத் தடவை லிடியாவையும் கூட்டிக்கொண்டு போனாள், இனி எங்கே போனாலும் இந்தப் பிள்ளையை விட்டுப் போவதாக இல்லை. இரண்டு பஸ் மாறி, மறுநாள் மத்தியானம் கீழத்தெருவில் இறங்கியபோது லாரி வேலுத்தாய் வாசலில் இஞ்சினை அணைக்காமல் நின்றது. குடங்கள் நின்றன, பெண்கள் நின்றார்கள். எஸ்தர் நேரே போய்த் தன் குடத்தைக் கவிழ்க்கக் குனிந்தாள்.

வேலுத்தாய் கையைப் பிடித்துக்கொண்டாள். “முறையை விட்டுக்குடுக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக? புடிங்க.”

பிடித்தாள். குடம் நிறைந்து வழிகிறபோது லாரிக்காரன் குழாயை மாற்றினான், வரிசை நகர்ந்தது. எஸ்தர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலுத்தாய் வீட்டுக்குள் நுழைந்து, மூலையில் காய்ந்து கிடந்த அண்டாவில் முழுசையும் ஊற்றினாள். வேலுத்தாய் பின்னாலேயே வந்து, எனக்குக் கடைசியில்தான் முறை, இது சரியில்லை, ஊரில் கேட்டால் என்ன சொல்வேன் என்று சத்தம் போட்டாள். என் முறைத் தண்ணி, யாருக்கு ஊத்துறதுன்னு எனக்குத் தெரியும் என்றாள் எஸ்தர். சுவர் காய்ந்திருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது.

எஸ்தர் வெளியே வந்தபோது, சட்டம் எதுவும் தெரியாத லிடியா அந்த வெறும் பச்சைக் குடத்தை அவளிடமிருந்து வாங்கி, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். எல்லாக் குடமும் வரிசையில் இருந்ததால் அவளும் வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள், வாய் மேலே பார்க்க. பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்து வை என்று சொல்ல எஸ்தர் வாயெடுத்தாள், ஆனால் சொல்லவில்லை. லாரியின் சத்தத்துக்கு நடுவே, தனக்கு முன்னால் எத்தனை குடம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினாள்.